வியாழன் மூன்று மணிக்கு முன்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
ஜனவரி 4

வினோதன்,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் யார் செத்தது என்று யோசித்திருப்பாய். ஒருவரும் சாகவில்லை. நானும் மகள் ஜெனாட்டும் இருக்கிறோம். உன் முகவரி, உன் மனுசி ஜெயமலர் ஒவ்வொரு நத்தாருக்கும் அனுப்புகிற வாழ்த்து மட்டையில் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் வின்னிபெக் போனதிலிருந்து ஏழு மட்டைகள் வந்திருக்கின்றன. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை.

போன் எடுத்திருக்கலாம். கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை, நான் பேசுவது மற்றவர்களுக்கு விளங்குவதில்லை. அதோடு போனை நீ வைத்துவிடலாம். கடிதத்தை எப்படியும் கடைசிவரை வாசிப்பாய் என்று நினைத்தேன்.

விசயம் இதுதான். கூடைப்பந்து அணிகள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்கிற ட்ரேட் டெட்லைன் பெப்ரவரி நாலாம் திகதி வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. அதற்குப் பிறகு ஆட்களை மாற்ற ஏலாது. எங்கள் அணிக்காரர் இந்த முறையும் ஒன்றும் செய்யப்போவதில்லை. உயரமான ஆள் ஒருவன் இல்லாமல் மற்ற அணிக்காரர் தங்கள் வீட்டுக் குசினிக்குள் சாப்பிட வருகிற மாதிரி எங்கள் கூடைக்குக் கீழே வந்து போகிறார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த குறை. மூன்று மணி அடித்ததும் மனேச்சர் மைக்குக்கு முன்னால் வந்து, இருக்கிறவர்களிலேயே நம்பிக்கை இருக்கிறது என்பார். நீ வேண்டுமென்றால் பார்.

இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. கோவிலில் பக்கத்தில் இருக்கிற நீக்கிலாப்பிள்ளை அண்ணை ஹொக்கி பார்க்கிற ஆள். ஜெனாட்டுக்கு முன்னால் கூடைப்பந்தைப் பற்றிக் கதைப்பதில்லை. காரணம் உனக்குத் தெரியும்.

நேற்று, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த அந்த முதல் வருசத்தை நினைத்துக்கொண்டு இருந்தேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு அறையில் ஐந்து பேர் படுத்தோம். பகலில் நீயும் நானும் ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவினோம். ஸ்கைடோம் அரங்கின் உச்சிப் படியில் மலிவான ரிக்கெற் எடுத்துக்கொண்டு போய் இருந்தால், விளையாடுகிறவர்கள் நெருப்புக்குச்சி அளவில் தெரிவார்கள். நீ ரேடியோ வர்ணனை கேட்டே ஆங்கிலம் படித்தாய். தொழிற்சாலை இன்ரர்வியூவில் உன் பலம் என்ன என்று கேட்டதற்கு, ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நாலாவது குவாட்டரில்தான் நான் நன்றாக விளையாடுவேன் என்று சொன்னாய். அந்த வெள்ளைக்காரன் எழும்பி நின்று கை தந்தானாம். அடுத்த நாளே வேலை.

ஒவ்வொரு வருசமும் நான் ஒன்றும் நடக்காது என்பேன், நீ இந்த முறை நடக்கும் என்பாய். இந்த முறை என்ன சொல்கிறாய்?

யோசப்



வின்னிபெக்
ஜனவரி 11

யோசப் அண்ணைக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஜெயமலர்தான் உடைத்து வாசித்தாள். நான் இரண்டு நாள் தொடவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்: ஒன்றும் செய்யமாட்டார்கள். நானும் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். இங்கே நேரம் ஒரு மணித்தியாலம் பின்னால். அவர்கள் ஒன்றும் செய்யாமல் விடும்போது எனக்கு இரண்டு மணியாக இருக்கும். பாடசாலை பஸ் ஓட்டுகிறேன். அந்த நேரம் பிள்ளைகளை ஏற்றப் போகவேண்டும். ஆகவே எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை.

அண்ணை, ஏழு வருசத்துக்குப் பிறகு எழுதுகிற மனிதர் கூடைப்பந்து பற்றி எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பேர்ணடெற் அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். அறுபது பேர் இருந்திருப்பார்கள். என் கையில் கோப்பை. நீங்கள் என்னைக் காட்டி, "இவன் அண்டைக்கு என்னை இழுத்துக்கொண்டு போகாட்டி என்ர மனுசி இண்டைக்கும் இருந்திருப்பா" என்றீர்கள். ஜெனாட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் கண்டதில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். எனக்குப் பின்னால் வர உங்களுக்கு மனம் வரவில்லையா?

அந்தக் காலை என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாவீட்டில் அதைப் பேசுவது முறையில்லை என்று பேசாமல் இருந்தேன். பிறகு என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. மல்வேர்னில் கடைக்குப் போனால் ஆட்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். வேலைக்காக இங்கே வந்தோம் என்று எல்லோருக்கும் சொன்னேன். வேலைக்காக வரவில்லை.

தொண்டைக்கு டொக்டரிடம் போனீர்களா?

வினோதன்



மோர்னிங்சைட்
ஜனவரி 17

வினோதன்,

நீ கேட்டது நியாயம். மற்றதை எழுதக் கை வரவில்லை, அதனால் கூடைப்பந்தை எழுதினேன். இப்போது மற்றதை எழுதுகிறேன்.

டொக்டரிடம் போனேன். குரல்வளையில் கான்சர். முதலில் கதிர்வீச்சு வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. இனி முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதனால்தான் மூச்சு. பிறகு ஒரு சின்னக் கருவியை வைத்துப் பேசப் பழக்குவார்களாம். ஆனால் அது என் குரலாக இராது. திகதி பெப்ரவரி நாலு, காலை. டெட்லைன் முடிகிற நேரம் நான் மயக்கத்தில் கிடப்பேன்.

ஆகவே என் வாயால் சொல்லவேண்டியதை அதற்கு முன்னர் சொல்லவேண்டும். சொல்லவேண்டிய ஆள் ஜெனாட்.

எங்கள் அணி கிண்ணம் வென்ற அந்த ஆனி மாதம், வெற்றி ஊர்வலத்தன்று காலை ஆறு மணிக்கு நீ வந்தாய். பேர்ணடெற் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இரவு முழுக்கத் தலைசுற்று. நீ அவளைப் பார்த்துவிட்டு, "அண்ணை, அக்காவுக்கு ஏலாது போல. ரிவியில பாப்பம். நான் தேத்தண்ணி போடுறன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்றும் எனக்கு நினைவிருக்கிறது. "இருவத்தினாலு வருசம் காத்துக்கொண்டு இருந்தனான். ரிவியில பாக்கவோ?" என்றேன். நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டிருந்தாய். நான்தான் எடுத்து உன் காலுக்கு முன்னால் வைத்தேன்.

வந்து பார்க்கும்போது பின்னேரம் ஆறு மணி. பக்கத்து வீட்டு மனுசி அம்புலன்ஸை அழைக்க, அவர்கள் அவளைக் கொண்டுபோயிருந்தார்கள். குசினியில் எத்தனை மணித்தியாலம் கிடந்தாள் என்று இன்றைக்கும் தெரியாது. பக்கவாதம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் கட்டில்.

அடக்கத்தன்று காரில் ஜெனாட் கேட்டாள்: "ஏனப்பா விட்டிட்டுப் போனனீங்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. மண்டபத்தில் உன்னைக் கண்டதும் பதில் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அவள் அதை நம்பினாள். நம்பியதால் என்னோடு இருந்தாள்.

இப்போது ஒவ்வொரு நாளும் பார்மசி வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருகிறாள், சூப் வைத்துத் தருகிறாள். நான் வாயைத் திறக்கிறேன். மண்ணை அள்ளி இறைத்த மாதிரிச் சத்தம் வருகிறது. சூப் நல்லாயிருக்கு என்கிறேன். இன்னும் பதினெட்டு நாள்.

யோசப்



வின்னிபெக்
ஜனவரி 23

யோசப் அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வெறும் பஸ்ஸுக்குள் இருந்து வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன்.

முதலில் கோபம் வந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. இங்கே வந்த முதல் வருசம் ஜெயமலர் சமைத்துக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்: "உண்மையா நீங்கள்தான் யோசப் அண்ணையை இழுத்துக்கொண்டு போனனீங்களோ?" என்னைக் கட்டினவள் கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாள். ஆனால் கேட்கவேண்டி வந்ததே. அதை உங்களுக்கு மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை. வரும்போது சொல்கிறேன்.

தொண்டை விசயம் வேறு. பெப்ரவரி இரண்டாம் திகதி விமானத்தில் வருகிறேன். ஆறாம் திகதிவரை லீவு தந்திருக்கிறார்கள். மல்வேர்னில் ஜெயமலரின் மச்சாள் வீட்டில் தங்குவேன், உங்களுக்குக் கரைச்சல் இல்லை.

ஜெனாட்டிடம் நான் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலை. நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இருபத்தைந்து வருசம் உங்களோடு பழகினவன். எந்த விசயத்தையும் கடைசி நாள்வரை இழுத்து, பிறகு இருக்கிறதே போதும் என்று விடுகிற ஆள் நீங்கள். அந்த மனேச்சரைக் குறை சொல்ல உங்களுக்கு நியாயம் இல்லை.

இதை எழுதிவிட்டு எழும்பினேன், திரும்ப வந்து இருந்து எழுதுகிறேன். மூன்றாவது வருசம், எங்கள் முதல் ஆட்டக்காரனை, அந்தக் கட்டையனை, டெட்லைனுக்குள் வேறு அணிக்கு மாற்றிவிட்ட நாள் நினைவிருக்கிறதா? லோறன்ஸ் வீதிப் பிளாசாவில் உங்கள் பழைய காருக்குள் ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தோம். நான் அழுதுவிட்டேன். இருபத்தொன்பது, முப்பது வயது ஆம்பிளை. நீங்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பேர்ணடெற் அக்கா விசயத்தைக் கேட்டுவிட்டு, "ஆளைக் குடுத்து ஆளை வாங்கிறதோ? அப்ப அவையளின்ர பெண்சாதி பிள்ளையள் என்ன செய்யிறது?" என்றா. அந்தக் கேள்வியை இன்றைக்கும் எந்த ரேடியோக்காரனும் கேட்டதாக நான் அறியவில்லை.

உங்கள் குரல் ஸ்கைடோமில் ஆறு வரிசைக்குக் கேட்கும். ஆட்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அதை ஒருதரம் கேட்கவேண்டும். அதற்காகத்தான் வருகிறேன்.

வினோதன்



மோர்னிங்சைட்
ஜனவரி 28

வினோதன்,

வா. நீ வருகிறாய் என்று ஜெனாட்டிடம் சொல்லிவிட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீரை நிறுத்தாமலே, உங்கள் விருப்பம் என்றாள். ஏன் வருகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

ஏழு அடி ஆள் ஒருவனுக்காக எங்கள் ஆட்கள் பேசுகிறார்களாம் என்று இன்று பேப்பரில் இருந்தது. அவன் வரமாட்டான். அவனை வேறு யாரோ கொண்டுபோவார்கள், நாங்கள் பேசினதாக மட்டும் இருக்கும்.

ஆறு வரிசைக்குக் கேட்கிற குரல் இப்போது இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் கேட்கும். கிட்ட வந்து இரு.

தடித்த ஜக்கெற் கொண்டுவா. உங்கள் குளிர் இல்லை, ஆனால் இங்கே காற்று.

யோசப்



வின்னிபெக்
பெப்ரவரி 9

யோசப் அண்ணைக்கு,

இதை ஆசுபத்திரி வார்ட் முகவரிக்கே அனுப்புகிறேன். ஐசியூவில் உங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். கை காட்டினேன். நீங்கள் நித்திரை.

இரண்டு பின்னேரங்கள் உங்களோடு இருந்தேன். ஆட்டம் பார்த்தோம். நீங்கள் நிறையப் பேசினீர்கள், எல்லாம் பழைய கதை. ஜெனாட் மேசைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டு இருந்தாள். நீங்கள் சொல்லவில்லை. வியாழன் காலை உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவளின் கையைப் பிடித்தீர்கள். நான் இரண்டு அடி பின்னால் போனேன், இப்போது சொல்லப்போகிறார் என்று. நீங்கள் வாயைத் திறந்து, "வீட்டுத் திறப்பு மேசை லாச்சிக்குள்ள கிடக்கு" என்று சாவியைப் பற்றிச் சொன்னீர்கள். கதவு மூடிவிட்டது. அதுதான் உங்கள் குரலை நாங்கள் கேட்ட கடைசித்தரம்.

இனி உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன். நானும் ஜெனாட்டும் காத்திருக்கும் அறையில் எட்டு மணித்தியாலம் இருந்தோம். மத்தியானம் அவள் போய் இரண்டு கோப்பி வாங்கி வந்து ஒன்றை என் பக்கம் வைத்தாள். இரண்டரையிலிருந்து நான் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எல்லா அணிக்காரரும் ஆட்களை மாற்றிக்கொண்டு இருந்தார்கள். அந்த ஏழு அடிக்காரனும் போய்விட்டான், எங்களிடம் இல்லை. மூன்று மணியானது. எங்கள் அணியின் பெயர் வரவேயில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டாள். அப்பா சொன்னதுதான் சரி, ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அங்கிள், அண்டைக்கு ஏன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

வாய்க்குள் எல்லாம் வந்து நின்றது. "அப்பா எழும்பட்டும், பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அவள் தன் கோப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு கதிரை தள்ளிப் போய் இருந்தாள். டொக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும்வரை திரும்பவில்லை.

ஏழு வருசமாக நான் பேசாமல் இருந்தது பெரிய மனம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கதிரையில் இருந்தபோது அது பெரிய மனம் இல்லை, பயம் என்று தெரிந்தது. சொன்னாலும் அவள் நம்பாமல் விட்டுவிடுவாள் என்ற பயம். ஆகவே உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அண்ணை, குரல் போய்விட்டது. கை இருக்கிறது.

வினோதன்



மோர்னிங்சைட்
பெப்ரவரி 20

வினோதன்,

நேற்று வீட்டுக்கு விட்டார்கள். சாப்பாடு இன்னும் குழாயால். கழுத்துக்குள்ளால் மூச்சு விடுவது முதலில் வேறு யாரோ பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. இப்போது பழகுகிறது.

திறப்பைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மூன்று நாளாக ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவளின் முகத்தைக் கண்டதும் அது போய்விட்டது, திறப்பு வந்தது.

உன் கடிதத்தை நேர்ஸ் கொண்டுவந்து தந்தாள். அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து ஜெனாட் வந்தாள். எனக்கு எழுதிக் காட்ட ஒரு சின்ன வெள்ளைப் பலகை தந்திருக்கிறார்கள், பள்ளிக்கூடச் சிலேற் அளவு. ஐந்தாறு சொல்லுக்கு மேல் இடமில்லை. எழுதினேன், அவள் வாசித்தாள், துடைத்தேன், அடுத்ததை எழுதினேன். வினோதன் போகவேண்டாம் என்றான். துடைத்தேன். அம்மாவுக்குத் தலைசுற்று என்று எனக்குத் தெரியும். துடைத்தேன். நான்தான் போனேன். துடைத்தேன். மண்டபத்தில் சொன்னது பொய். பேசி இருந்தால் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்திருப்பேன். இது அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் அவள் வாசித்து முடிக்கும்வரை அவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டி இருந்தது.

கடைசி வரியை நான் துடைக்கவில்லை. அவள் பலகையை வாங்கி, கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்து கழுவினாள். கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாள் வரவில்லை. போன் பண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டதாக நேர்ஸ் சொன்னாள். மூன்றாம் நாள் வந்தாள். கழுத்துத் துளையைத் துப்பரவாக்க வீட்டு ஆள் ஒருவருக்குப் பழக்கவேண்டும் என்றார்கள். அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு செய்தாள். முடித்துவிட்டு உன் நம்பரைக் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

அறுபது பேருக்கு முன்னால் சொன்ன பொய்யை ஒரு ஆளுக்குத்தான் திருத்தியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் எழுதவேண்டும். நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு நேற்றே எழுதிவிட்டேன். கோவிலில் அவருக்குத் தெரிந்தால் போதும், மீதிப் பேருக்கு அவரே சொல்லிவிடுவார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க வரும்போது சொல்கிறேன் என்றாய். வராவிட்டாலும் எழுது.

யோசப்



வின்னிபெக்
மார்ச் 1

யோசப் அண்ணைக்கு,

சனிக்கிழமை மத்தியானம் ஜெனாட் போன் பண்ணினாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம். சாப்பாட்டை விட்டு எழும்பினேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசியிருப்போம். அவள் சொன்னதில் ஒன்றை நீங்கள் அறியவேண்டும். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கோ அங்கிள், எனக்கு அப்பாவுக்கு முன்னால நிண்டு சொல்ல வராது என்றாள்.

முதலில் மண்டபத்தில் பார்த்த பார்வைக்கு மன்னிப்புக் கேட்டாள். அதை விடு பிள்ளை என்றேன். அதற்குப் பிறகு ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டாள். எத்தனை மணிக்கு ரயில் எடுத்தோம், எங்கே நின்றோம், எவ்வளவு சனம், அப்பா என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாக. விசாரணை என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை.

அக்கா கட்டிலில் கிடந்த காலத்தில் பேச்சு குழறும், உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரங்களில் ஜெனாட்டிடம் ரிவியைக் காட்டி, ஊர்வலம், ஊர்வலம் என்று கேட்பாவாம். எப்படி நடந்தது என்று அறிய ஆசை. ஜெனாட்டுக்கு அந்தச் சொல்லையே கேட்க முடியவில்லை. ரிவியை நிறுத்திவிடுவாளாம். பலதரம் கேட்டு, பிறகு அக்கா கேட்பதை விட்டுவிட்டாவாம்.

"நான் அம்மாவுக்குச் சொல்லேல்ல, அங்கிள். அப்பாவும் சொல்லேல்ல. அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். போனை வைக்காமல் அழட்டும் என்று விட்டேன்.

பிறகு நான் சொன்னேன். ரயிலில் மூச்சு விட இடமில்லாமல் நின்றது, ஊர்வல பஸ் மணிக்கணக்காகப் பிந்தியது, முன்பின் தெரியாத மனுசி ஒருத்தி எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் தந்தது எல்லாம் சொன்னேன். நீங்கள் மத்தியானத்திலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்துக்கொண்டே நின்றதையும், அவ்வளவு சனத்தில் ஒரு அழைப்பும் போகாததையும், பஸ் கண்ணுக்குத் தெரிய முன்னரே நீங்கள் வீட்டுக்குப் போவோம் என்று சொன்னதையும் சொன்னேன். அந்த நெரிசலில் இருந்து வெளியே வர எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. நாங்கள் கிண்ணத்தைக் காணவேயில்லை. இதை ஏன் நீங்கள் அவளுக்குச் சொல்லவில்லை அண்ணை? குற்றத்தைக் குறைக்கிற மாதிரி இருக்கும் என்று விட்டீர்களா?

கடைசியில் சொன்னாள்: "ஈஸ்ரருக்கு வாங்கோ அங்கிள். அம்மாவிட்டப் போவம், கல்லறைக்கு. அப்பாவால இனிச் சொல்ல ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ, நாங்கள் பக்கத்தில நிக்கிறம்."

வருகிறேன் என்றேன். அந்தக் கிழமை பாடசாலை விடுமுறை, பஸ் இல்லை. ஜெயமலரும் வருகிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மன்னிக்க வந்துவிட்டது அண்ணை. எந்த நாள் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது எனக்குள்ள கவலை ஒன்றுதான். ஊர்வலத்தை எங்கிருந்து தொடங்குவது? அக்காவுக்கு ஒரு கதையை இடையில் தொடங்கினால் பிடிக்காது, முதலில் இருந்து வா என்பா. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லவேண்டும். எனக்கு மறந்துபோனவை இருக்கும். உங்களுக்கு நினைவிருக்கிறதை எல்லாம் எழுதி அனுப்புங்கள், சின்ன விசயம் என்று ஒன்றையும் விடாதீர்கள். அங்கே நின்று வாசிக்கிறேன்.

வினோதன்